சோப்புப் பொடி இல்லாமல் துணி அலக்குவது: குமரி மாவட்டத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் ஆறு வருடமாகச் சோப்புப் பொடி வாங்குவதில்லை. மகளிர் குழுக் கூட்டத்தில் ஒருநாள் பூந்திக்கொட்டைத் தண்ணீர் காய்ச்சிக் காட்டினேன். அப்புறம் கல்யாண வீட்டிலும் சந்தையிலும் சானல்கரையிலும் பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்திச் சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் ஊரில் துணி அலக்குவது என்றால் துவைப்பது, சானல் என்றால் பாசனக் கால்வாய்.

“எக்கா, பொடியே போடாம துணி வெளுக்குமா? சும்மா சொல்லப்பிடாது.”

அன்றாடம் உடுத்தும் துணி வெளுக்கும். வியர்வை, தூசி, லேசான எண்ணெய்ப் பிசுக்கு, இவ்வளவுதான் பெரும்பாலான துணியில் இருக்கும் அழுக்கு. அதில் பாதி வெறும் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினாலே கழன்றுவிடும். மீதிக்குத்தான் ஏதாவது ஒன்று தேவை.

ஆனால் ஒரே பொருள் எல்லா அழுக்குக்கும் கேட்காது. கடைப் பொடியில் நாலைந்து சரக்கைச் சேர்த்துக் கலந்திருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். நம் முறையில் துணியைக் கையில் எடுத்து, இது எண்ணெயா, கறையா, வாடையா என்று பார்த்துவிட்டுத்தான் எதைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். இந்தப் பழக்கம் வர எனக்கு ஒரு மாதம் ஆனது.

“பொடியில அப்படி என்ன கெடுதல்? ஊரே போடுது.”

அழுக்கை இழுக்கும் முக்கியச் சரக்கு பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது காற்றுப்படும் தண்ணீரில் நுண்ணுயிர்களால் சிதைந்து போகும். காற்றில்லாத குளத்துச் சேற்றில் அப்படிச் சிதையாமல் தங்கிவிடும். சில பொடிகளில் பாஸ்பேட் இருக்கும், அது தண்ணீரில் வளரும் செடிகளுக்கு உரம். பாசியும் ஆகாயத்தாமரையும் குளத்தை மூடுவதற்குச் சாக்கடைத் தண்ணீரும் வயல் உரமும் காரணம். இந்தப் பாஸ்பேட்டும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. துணி பளிச்சென்று தெரிய ஒளிரும் சாயம் ஒன்றும் சேர்ப்பார்கள். அது அழுக்கை எடுப்பதில்லை, கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டும், அவ்வளவுதான்.

நம் மாவட்டத்தில் வீட்டுத் தண்ணீர் வெகுதூரம் போவதில்லை. ஓடையில் விழுந்து, சானலிலோ குளத்திலோ பழையாற்றிலோ சேர்ந்துவிடும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. உலக அளவில் காப்பாற்ற வேண்டிய நீர்நிலைகள் என்று பொருள். அந்தக் குளங்களுக்குப் போகும் தண்ணீரில் நம் வாளித் தண்ணீரும் இருக்கிறது. இந்த வேலையில் எனக்கு அக்கறை வந்ததே அதனால்தான்.

“பூந்திக்கொட்டைன்னா எது? எங்க வாங்க? எப்படிக் காய்ச்ச?”

காய்ந்த நெல்லிக்காய் அளவில், பழுப்பாகச் சுருங்கி, தொட்டால் பிசுபிசுக்கும் காய். சோப்புக்காய் என்று கேட்டாலும் கடையில் எடுத்துத் தருவார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை எங்கும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். உள்ளே கருப்பாக உருண்டையாக இருக்கும் விதையால் துணிக்கு உபயோகமில்லை. அழுக்கை எடுக்கும் சாபோனின் என்ற பொருள் மேல்தோலில்தான் இருக்கிறது. அதனால் விதை எடுத்த தோலாக வாங்குங்கள். விதையோடு வாங்கினால் கனத்த விதைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

100 கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கட்டும். பொங்கி வழியும், அதனால் பெரிய பாத்திரம் எடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் கட்டன்சாயா, அதாவது பால் விடாத டீ நிறத்துக்கு வந்ததும் இறக்கி, ஆறியபின் தோலைக் கையால் நன்றாகப் பிசைந்து துணியில் வடிகட்டுங்கள். ஒருவித புளிப்பும் பழவாடையும் கலந்து அடிக்கும். துணி காய்ந்தால் அந்த வாடை இருக்காது. பிசையும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரிச்சல் கடுமையாக இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு துணி கொள்ளும் வாளிக்கு 100 மில்லி போதும். அரை மணி நேரம் ஊறவிட்டு, காலர், கைமடிப்பு, பாவாடை விளிம்பு மட்டும் தேய்த்து இரண்டு தண்ணீரில் அலசுங்கள். பிழிந்த தோலைக் கொட்டிவிடாதீர்கள். இன்னொரு தடவை கொதிக்க வைத்தால் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் ஆகும்.

“நுரையே வரல்லியே. பின்ன அழுக்கு எப்படிப் போவும்?”

நுரை வேறு, அழுக்கு எடுப்பது வேறு. சாபோனினுடைய ஒரு பக்கம் எண்ணெயோடு ஒட்டும், மறுபக்கம் தண்ணீரோடு ஒட்டும். துணியில் இருக்கும் பிசுக்கை அது பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்து வந்துவிடும். அதற்கு வாளி நிறைய நுரை தேவையில்லை. ஊறிய தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கலங்கியிருந்தால் வேலை நடந்திருக்கிறது.

நுரை குறைவாக இருப்பதில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது: அலசும் தண்ணீர் மிச்சம். சானல் அடைத்துக் கிணறும் வற்றும் சித்திரை மாதத்தில் இரண்டு வாளித் தண்ணீர் மிச்சமென்றால் சின்ன விஷயமா?

“கணக்குப் பாத்தா உண்மையிலேயே லாபமா?”

மேலே சொன்ன அளவில் ஒரு வாளிக்கு 10 கிராம் தோல். கிலோ 200 ரூபாய்க்கு வாங்கினால் வாளிக்கு 2 ரூபாய். நீங்கள் வாங்கும் விலையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பொடி ஒரு வாளிக்கு எத்தனை கிராம் ஆகிறது என்பதையும் ஒரு வாரம் அளந்து பாருங்கள். கையால் அள்ளிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் இரண்டு மடங்கு போடுகிறார்கள்.

காஸ் அடுப்பில் தனியாகக் காய்ச்சினால் லாபத்தில் ஒரு பங்கு போய்விடும். கொதும்பும் சிரட்டையும் எரியும் விறகடுப்பு உள்ளவர்கள் சோறு வடித்தபின் மிச்சக் கனலில் வைத்துவிடலாம். அடுப்பே வேண்டாமென்றால் கொதிக்கும் தண்ணீரைத் தோல் மேல் ஊற்றி மூடி, மறுநாள் பிசைந்து எடுங்கள். சத்து கொஞ்சம் குறைவாக இறங்கும், ஆனால் ஆகும்.

“காய்ச்சி வச்சது நாலு நாள்ல நாறிப் போச்சு. என்ன தப்பு செஞ்சேன்?”

தப்பு ஒன்றும் செய்யவில்லை. இது கஷாயம் மாதிரி, நம்மூர்ப் புழுக்கத்தில் நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது. நான் ஒருமுறை இரண்டு லிட்டரைப் பாட்டிலில் இறுக மூடி வைத்தேன். புளித்துக் காற்று ஏறி, திறந்ததும் பாதி வெளியே பொங்கியது. நாலைந்து நாளுக்குள் தீரும் அளவே காய்ச்சுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரும், ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி வைத்தால் இன்னும் நாள் தாங்கும். காய்ந்த தோலை ஈரம் படாமல் டப்பாவில் அடைத்து வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.

“அப்பக்காரமும் வாஷிங் சோடாவும் ஒண்ணு தானே?”

இரண்டும் வேறு. அப்பக்காரம், அதாவது ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடா, லேசான காரம். வாடை எடுக்கும், மற்றபடி துணிக்குப் பெரிய பலன் இல்லை. வாஷிங் சோடா நல்ல காரம். எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும், உப்புத் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும். கடைப் பொடிகள் பலவற்றில் பெரும்பங்கு இந்தச் சோடாதான்.

ஒரு வாளிக்கு ஒரு மேஜைக்கரண்டி வாஷிங் சோடாவை வெந்நீரில் கரைத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரோடு சேர்த்தால் சமையலறைத் துண்டும் வேலைத் துணியும் நன்றாக வெளுக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் வறண்டு வெடிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், பாத்திரத்தை அரித்துவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் கூடவே கூடாது.

“எங்க ஆச்சி சாம்பல்லதான் வேட்டி வெளுத்தாளாம். அது இப்பவும் ஆகுமா?”

ஆகும். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. வாஷிங் சோடாவுக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் தேங்காய்க் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, எரித்த சாம்பலில் பொட்டாசியம் அதிகம், நம்மூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணியை முக்கி வெள்ளாவி வைத்ததும் இதே கணக்குத்தான். மண்ணில் இருக்கும் சோடாக் காரமும் நீராவிச் சூடும் சேர்ந்து அழுக்கை இளக்கிவிடும். மேலே அடித்துத் துவைப்பது கடைசி வேலை.

சாம்பலைச் சலித்து, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ராத்திரி முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் மெல்ல இறுத்து எடுங்கள். விரலில் தொட்டால் வழுவழுவென்று இருக்கும். அதிகமாக வழுக்கினால் காரம் ஜாஸ்தி, தண்ணீர் சேருங்கள். பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை, அச்சடித்த அட்டை எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம். அடியில் இருக்கும் கசடு பட்டால் வெள்ளைத் துணி சாம்பல் பூத்துவிடும். அந்த ஒரு காரணத்தால்தான் சிலர் ஒரு தடவை செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

“நாங்க கொளச்சல் பக்கம். கிணத்துத் தண்ணி உப்பு. எந்த சோப்பும் நிக்கல்ல.”

உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் சாதாரணச் சோப்பு திரிந்து வெள்ளைத் தயிர் மாதிரி துணியில் ஒட்டும். பூந்திக்கொட்டையில் அந்தத் திரிதல் வராது. அதனால் கடற்கரைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். கொஞ்சம் வாஷிங் சோடாவும் சேர்த்தால் தண்ணீர் இளகும்.

இன்னொன்றும் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு கடல்நீரில்கூட நுரைக்கும். அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்கள் அதைத்தான் கொண்டுபோனார்கள். எண்ணெய் நம்மூர்ச் சரக்கு, ஆனால் இப்போது விற்கிற விலையில் சமையலுக்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. நேந்திரங்காய்ச் சிப்ஸ் போடுகிற கடைகளில் பலமுறை காய்ந்து கழிக்கும் தேங்காய் எண்ணெய் கிடைத்தால் வாங்கிச் சலவைச் சோப்பு செய்யலாம்.

“அந்த சோப்பை வீட்டிலேயே செய்யப் பயமா இருக்கு. செய்யலாமா?”

பயம் இருக்கட்டும், அது நல்லதுதான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 180 கிராம் காஸ்டிக் சோடாவும் சுமார் 370 கிராம் தண்ணீரும் ஆகும். கண்ணளவு வேலைக்கு ஆகாது, தராசில் நிறுக்க வேண்டும். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் பாத்திரம், கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான முற்றம் எல்லாம் வேண்டும். அலுமினியம் கூடாது. ஆறிய கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கெட்டியாகும்வரை கிண்டி, அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி நாலு வாரம் காயவிட வேண்டும்.

வீட்டில் ஓடியாடும் பிள்ளைகள் இருந்தால் செய்யாதீர்கள். செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று முதல் தடவை காட்டித்தரட்டும். என்னிடம் கேட்டால், பூந்திக்கொட்டை கேட்காத துணிக்கு மட்டுமே இந்தச் சோப்பு போதும், அதற்கு மாதம் ஒரு கட்டி தாராளம்.

“மெஷின்ல போடலாமா? கேடாயிரும்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு.”

நன்றாக வடிகட்டிய தண்ணீரைப் போட்டால் கேடு வராது. நுரை குறைவு என்பதால் முன்பக்கம் திறக்கும் மெஷினுக்கு இது நன்றாகவே ஒத்துப்போகும். அரைத்த பொடியைப் போடாதீர்கள், துகள் துணியில் ஒட்டும், வடிகட்டியில் சேரும். காய்ச்ச நேரமில்லை என்றால் ஐந்தாறு காயின் தோலைப் பழைய சாக்ஸில் கட்டித் துணியோடு போடுங்கள், வெந்நீர் சுற்றாக இருந்தால் நல்லது. தோல் மெலிந்து பிசுபிசுப்பு போகும்வரை மூன்று நாலு தடவை வரும். சாம்பல் தண்ணீர் மட்டும் மெஷினுக்கு வேண்டாம்.

“வெள்ளை வேட்டி கொஞ்ச நாள்ல மஞ்சளாயிட்டு. இது பூந்திக்கொட்டையாலயா?”

ஒரு பங்கு அதனால்தான். காய்ச்சிய தண்ணீரின் பழுப்பு நிறம் வெள்ளைத் துணியில் மெல்ல ஏறும். இன்னொரு பங்கு, நான் முதலில் சொன்ன ஒளிரும் சாயம் கழுவிப் போய்த் துணியின் சொந்த நிறம் தெரிவது. வேட்டிக்கு வாஷிங் சோடாவும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பும் போடுங்கள், கடைசி அலசலில் இரண்டு சொட்டு நீலம் முக்குங்கள். நீலத்தைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கியபின் துணியைப் போடவும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

ஈரத்தோடு வெயிலில் விரிப்பதுபோல் ஒரு வெளுப்பு வேறில்லை. மஞ்சள் கறைக்கு இது கண்கூடு. மீன்குழம்பு சிந்திய இடத்தில் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் அப்படித்தான் நிறம் மாறும், பதற வேண்டாம். அலசி வெயிலில் போடுங்கள். காலையில் கட்டிய துணியில் மத்தியானத்துக்குள் கறை வெளிறிவிடும், இரண்டாம் நாள் தேட வேண்டியிருக்கும்.

“ரப்பர் பாலு, வாழைக்கறை, அண்டி எண்ணெய், மீன் வாடை. இதுக்கெல்லாம் உங்க கொட்டை கேக்குமா?”

குலசேகரத்தில் பால் வெட்டப் போகும் ஒரு தம்பி கேட்டது இது. நம் மாவட்டத்துத் துணிகளின் கதையே இந்த நாலு கறையில் அடங்கிவிடும். கேள்விக்கு நேர்பதில்: தனியாகக் கேட்காது.

ரப்பர் பால் ஈரமாக இருக்கும்போதே பச்சைத்தண்ணீரில் கொஞ்சம் வாஷிங் சோடா கலந்து முக்கிவிட வேண்டும். எலுமிச்சையும் வினிகரும் காட்டவே கூடாது. ஷீட் அடிக்கப் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைக்கிறோமே, அதே வேலை துணியில் நடந்துவிடும். காய்ந்து ரப்பராகிவிட்டால் எந்தச் சோப்பும் கரைக்காது. நகத்தால் உரித்து எடுக்க முடிந்த அளவு எடுக்கலாம். பால் வெட்டுவதற்கென்று ஒரு சட்டை, ஒரு கைலி தனியாக வைத்துக்கொள்வதே புத்தி. வாழைக்கறையும் அப்படித்தான். பட்டவுடன் கழுவினால் போகும், கறுத்தபின் முழுதாகப் போன துணியை நான் பார்த்ததில்லை.

அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கும் அக்காமார் துணியில் படுவது தோட்டு எண்ணெய். அது தண்ணீரில் சேராது, எண்ணெயில்தான் சேரும். கறையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து இளக்கி, அப்புறம் சோப்பும் வாஷிங் சோடாவும் போடுங்கள். தோலைப் பொள்ள வைக்கும் எண்ணெய் என்பதால் பிள்ளைகள் துணியோடு சேர்த்து அலக்க வேண்டாம். மீன் வாடைக்கு இதற்கு நேர் எதிர், புளிப்புதான் மருந்து. வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது, புளிப்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரைந்து போய்விடும். வாளிக்கு இரண்டு கரண்டி வினிகரோ இரண்டு எலுமிச்சைச் சாறோ விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு வழக்கம்போல் அலக்குங்கள்.

கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். போர்த் தண்ணீரால் வரும் துருக்கறைக்கு நம் வீட்டுப் புளிச்சிக்காய், அதாவது பிலிம்பிக்காய், கைகண்டது. அதில் ஆக்சாலிக் அமிலம் நிறைய இருக்கிறது. ஒரு காயை நசுக்கிக் கறையில் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டால் துரு மங்குவது கண்ணுக்குத் தெரியும். உடனே நன்றாக அலசிவிட வேண்டும். சாயத் துணியில் முதலில் உள்மடிப்பில் சோதித்துப் பாருங்கள்.

“மழை வந்தா துணி நாறுது, கரும்பன் அடிக்குது. என்ன செய்ய?”

நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கரும்பன் என்பது பூஞ்சை. அது பிடித்துக் கறுத்தபின் எடுப்பது கஷ்டம், வராமல் பார்ப்பது சுலபம். அலக்கிய துணி வாளியில் கிடக்கவே கூடாது. கடைசி அலசலில் ஒரு கரண்டி வினிகர் விடுங்கள், துணியில் தங்கும் காரம் போய் வாடை குறையும். உள்ளே காயப்போட்டால் துணிக்கும் துணிக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு மின்விசிறிக்கு நேராகக் கட்டுங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மடித்து அலமாரியில் வைக்காதீர்கள்.

“பட்டுச் சேலை, கசவு முண்டு?”

பூந்திக்கொட்டைக்கு உண்மையில் பேர் வாங்கிக் கொடுத்தது பட்டுதான். காரம் பட்டால் பட்டு இழை பொலிவு போய் நொய்ந்துவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் காரம் இல்லை. வாளித் தண்ணீரில் 50 மில்லி கலந்து ஐந்து நிமிடம் முக்கி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிடுங்கள். கசவுக்கும் அதே. ஓணத்துக்கு உடுத்தும் செட்டு முண்டு வெள்ளையாக நிற்க வேண்டுமென்றால் பழுப்பு குறைந்த, இரண்டாவது தடவை காய்ச்சிய தண்ணீரை எடுங்கள். கஞ்சி போடுவது உங்கள் விருப்பம்.

“அப்பக்காரமும் வினிகரும் சேத்துப் போட்டா பொங்குது. ரெண்டு சக்தியும் சேரும் தானே?”

சேராது, ஒன்றை ஒன்று தின்றுவிடும். பொங்குவது வெறும் கரியமில வாயு. பொங்கி அடங்கியபின் வாளியில் இருப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று. காரம் வேண்டுமென்றால் ஊறும்போது, புளிப்பு வேண்டுமென்றால் அலசும்போது என்று தனித்தனியாகப் போடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. கிணற்றுக்குப் போடும் ப்ளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, புளிச்சிக்காய் எதுவும் சேரக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். குளியலறை போன்ற மூடிய இடத்தில் உயிருக்கே ஆபத்து.

“பயோ என்சைம் போட்டா போதும்னு யூடியூப்ல சொல்றாங்களே?”

வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு சேர்த்து மூன்று மாதம் புளிக்க வைப்பது அது. முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்று விட வேண்டும். கிடைப்பது புளித்த காடி மாதிரி ஒன்று. தரை துடைக்க நல்லது, வாடை எடுக்கும். எண்ணெய் அழுக்குத் துணிக்கு அது மட்டும் போதாது. செய்து வைத்திருப்பவர்கள் கடைசி அலசலில் வினிகருக்குப் பதில் விடலாம்.

“பச்சைப் பிள்ளை துணிக்கு ஒத்துக்குமா?”

பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், வாசனையும் சாயமும் இல்லாததால் எரிச்சல் குறைவு. ஆனாலும் இயற்கைப் பொருளுக்கும் சிலருக்கு அரிப்பு வரும். முதலில் ஒரே ஒரு துணியை அலக்கி நன்றாக அலசி இரண்டு நாள் உடுத்திப் பாருங்கள். தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவும். மலம் பட்ட துணியை முதலில் பச்சைத்தண்ணீரில் அலசி, அப்புறம் வாஷிங் சோடா கலந்த வெந்நீரில் ஊறவையுங்கள். ரத்தக்கறை என்றால் வெந்நீர் வேண்டாம், சூட்டில் உறைந்து பிடித்துக்கொள்ளும். காய்களைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும், பார்க்கப் பேரீச்சம்பழம் மாதிரி இருக்கும்.

“இயற்கைதானே, அப்போ இனி குளத்திலேயே அலக்கலாமே மைனி?”

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்திப் பேசுவேன். கூடாது. சாபோனின் மீனின் செவுளைத் தாக்கும். இந்த வகைக் காய்களை நசுக்கிப் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பது பழைய வழக்கமே. நான் ஆரம்பத்தில் வடித்த தண்ணீரை முற்றத்துத் தொட்டியில் ஊற்றினேன். கொசுப்புழுவுக்காக விட்டிருந்த சின்ன மீன்கள் சாயங்காலத்துக்குள் வயிற்றைக் காட்டி மிதந்தன. அன்றுதான் எனக்கு உறைத்தது.

மண்ணில் ஊற்றினால் இது சீக்கிரம் மக்கிவிடும், தண்ணீரில் நேராகக் கலப்பதுதான் ஆபத்து. அதனால் குளத்திலும் சானலிலும் அலக்குகிறவர்கள் வாளியில் தண்ணீர் மொண்டு கரையிலிருந்து பத்தடி தள்ளி ஊறவைத்து, முதல் அழுக்குத் தண்ணீரை அங்கேயே மண்ணில் கொட்டுங்கள். படித்துறையில் அலக்குகல் இருக்கிறதே என்றால், அலசுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் தண்ணீருக்கும் சோப்புக்கும் இதே விதி.

“அலக்குன தண்ணியை வாழைக்கும் தென்னைக்கும் விடலாமா?”

பூந்திக்கொட்டைத் தண்ணீரைத் தாராளமாக விடலாம். சாம்பல் தண்ணீரில் இருக்கும் பொட்டாசியம் வாழைக்கும் தென்னைக்கும் பிடித்தது, மேற்குப் பக்கத்துச் செம்மண் புளிப்புத்தன்மை உள்ளதால் கொஞ்சம் காரம் தாங்கும். வாஷிங் சோடா போட்ட தண்ணீரில் சோடியம் சேரும். அதைத் தினமும் ஒரே மூட்டில் விட்டால் நாளடைவில் மண் இறுகித் தண்ணீர் இறங்காது. மரம் மாற்றி மாற்றி விடுங்கள், மழைக்காலத்தில் கழுவிப்போகும். கீரைப் பாத்திக்கு எதையும் விட வேண்டாம். பிள்ளைத்துணி அலசிய தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். எந்தத் தண்ணீரையும் வாளியில் ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

“எல்லாத்தையும் ஒரேயடியா மாத்த முடியாது. வீட்டில ஒத்துக்கவும் மாட்டாங்க. எங்க ஆரம்பிக்க?”

பொடியைப் பாதியாகக் குறைப்பதில் ஆரம்பியுங்கள். வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டாம். துணியை அரை மணி நேரம் கூடுதலாக ஊறவிட்டு, வழக்கமாகப் போடுவதில் பாதி போடுங்கள். இரண்டு வாரம் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் இவ்வளவு நாளும் பாதி வீணாகப் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் படுக்கை விரிப்பு, துவர்த்து (துவட்டும் துண்டு), வீட்டில் உடுத்தும் நைட்டி, இந்த மூன்றையும் பூந்திக்கொட்டைக்கு மாற்றுங்கள். பள்ளிக்கூடச் சீருடையையும் ஆபீஸ் சட்டையையும் கடைசியில் தொட்டால் போதும். எங்கள் வீட்டில் அந்த இரண்டுக்கும் வர ஒன்றரை வருடம் ஆனது. வேலைத் துணிக்கு இன்றைக்கும் சோப்புக் கட்டி எடுக்கிறோம்.

முதல் தடவைக்கு 100 கிராம் மட்டும் வாங்குங்கள். பிடித்தால் அடுத்த சந்தைக்கு அரை கிலோ.